பெரிய மானில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைக்கிறது, ஆனால் சராசரி ஆயுள் 6 வருடம்கூட இல்லை. எப்படி?

வாகைநிழல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். காட்டு மான்களின் வயதுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு சிறு அறிக்கை தயாரிக்க வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. மூன்று சந்தேகங்கள்.

ஒன்று: வளர்ந்த பெண் மான்களில் ஆண்டுக்கு 90 முதல் 95 சதவீதம் பிழைக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் காடு முழுக்கக் கிழட்டு மான்களாக இருக்க வேண்டாமா? சராசரி ஆயுள் என்று பார்த்தால் 5, 6 வருடம்தான் வருகிறது.

இரண்டு: கணக்கெடுப்பில் "குட்டி", "வளர்ந்தது" என்று இரண்டே வகை பிரித்தால் போதாதா?

மூன்று: இறந்த மான்களின் தாடை எலும்புகளை மட்டும் வைத்து வயதுவாரி இறப்பு வீதம் போட முடியுமா? எங்கே தப்பு வரும்?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிளாத்தடம்:

முதல் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டாலே விடை வந்துவிடும். (ஆணைக் கலை, பெண்ணைப் பிணை என்றே எழுதுகிறேன். கலைமான் என்ற இரலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்தக் காட்டிலும் அளந்தவை அல்ல. 1,000 பெண் குட்டி பிறக்கிறது. முதல் ஆண்டில் 40 சதவீதம் போய்விடுகிறது, மிச்சம் 600. இரண்டாம் ஆண்டில் 12 சதவீதம், மிச்சம் 528. அதன்பின் 2 வயதிலிருந்து 9 வரை ஆண்டுக்கு வெறும் 5 சதவீதம். 9 வயதை எட்டுவது 369. பிறகு ஆண்டுக்கு 10, 15, 20, 30, 40, 50 சதவீதம் என்று ஏறுகிறது. 10 வயதில் 332, 11இல் 282, 12இல் 226, 13இல் 158, 14இல் 95, 15இல் 47.

இதில் பிறந்த குட்டியின் ஆயுள் எதிர்பார்ப்பைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 5.8 வருடம். ஆனால் 2 வயதைத் தாண்டிவிட்ட ஒரு பிணை சராசரியாக இன்னும் 8.4 வருடம் இருக்கும். ஒரே அட்டவணை, இரண்டு விடை. 472 உயிர் இரண்டு வயதுக்குள்ளேயே போய்விடுவதால் சராசரி கீழே இழுக்கப்படுகிறது. நீங்கள் படித்த 95 சதவீதம், அந்த வடிகட்டலில் தப்பி வந்தவற்றுக்கு மட்டும் உரியது.

வயதை அடியிலும் இறப்பு வீதத்தைப் பக்கத்திலும் வைத்து வரைந்தால் கோடு தொட்டி மாதிரி இருக்கும். இடப்பக்கம் செங்குத்து, நடுவில் நீண்ட தரை, வலப்பக்கம் மெல்ல ஏறும் சரிவு. பெரிய தாவர உண்ணிகள் பெரும்பாலானவற்றுக்கு இதே வடிவம்தான். வேறுபடுவது இடப்பக்கச் சுவரின் உயரமும், வலப்பக்கச் சரிவு எந்த வயதில் தொடங்குகிறது என்பதும்.

அளந்த எண் வேண்டுமானால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பிரான்சில் ட்ருவா ஃபோன்தேன், ஷிஸே என்ற இரண்டு காடுகள். 1970களின் பின்பாதியிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் ரோ மான்களை (ஐரோப்பாவின் சிறிய மான் இனம்) வலைகட்டிப் பிடித்து அடையாளமிட்டு விடுகிறார்கள். எட்டு மாதக் குட்டியாகப் பிடிபடும்போதே பல்லைப் பார்த்தால் அந்த ஆண்டுக் குட்டி என்று தெரிந்துவிடும் என்பதால், அதன்பின் ஆயுள் முழுக்க வயதில் ஐயமே இல்லை. அங்கே 2 முதல் 7 வயது வரையான பிணைகள் ஆண்டுக்கு 90 முதல் 95 சதவீதம் பிழைத்தன. கலைகளுக்குச் சில புள்ளிகள் குறைவு. 7, 8 வயதுக்கு மேல் இரண்டுக்குமே பிழைப்பு குறைகிறது. குட்டிகளின் பிழைப்போ ஓராண்டுக்கு ஓராண்டு தாறுமாறாக மாறுகிறது. வளர்ந்தவற்றின் பிழைப்பு நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் பெரிதாக அசையவில்லை.

இன்னொன்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள ரம் தீவு, அங்கே செம்மான்கள் (ஐரோப்பாவின் பெரிய மான் இனம்). சுமார் 100 சதுர கி.மீ. தீவு. அதன் வடக்குப் பகுதியில் 1970களின் தொடக்கத்திலிருந்து மான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, பிறப்பு முதல் சாவு வரை பதிந்து வருகிறார்கள். ஓநாய் கிடையாது, நரிகூட இல்லை. கழுகு சில குட்டிகளைத் தூக்கும், அவ்வளவே. ஆய்வுப் பகுதிக்குள் மான்களைச் சுடுவதை 1970களின் தொடக்கத்தில் நிறுத்தியபின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிணைகள் ஏறத்தாழ மும்மடங்காயின. கூட்டம் நெருக்க நெருக்க முதல் அடி விழுந்தது முதல் குளிர்காலத்தைக் காணும் குட்டிகள் மேல்தான், அதிலும் ஆண் குட்டிகள் மேல். பெரிய பிணைகள் அப்போதும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

ஆண் குட்டி ஏன் அதிகம் சாகிறது என்றால், அது வேகமாக வளர்கிறது. தின்றதெல்லாம் எலும்பும் சதையுமாகப் போய்விடுகிறது, கொழுப்பாகச் சேர்வது குறைவு. மேய்ச்சல் நன்றாக இருக்கும்வரை அது ஆதாயம். பிப்ரவரி, மார்ச்சில் புல் தீரும்போது அதுவே எமன். தாமதமாகப் பிறந்த குட்டிக்கும் இதே கதி, பனி வருமுன் மேய்வதற்குச் சில வாரங்கள் குறைந்துபோகின்றன.

பற்குறி:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். தாடையை வைத்து அட்டவணை போடலாம், ஆனால் தப்பு மூன்று இடத்தில் புகும்: வயது குறிப்பதில், எலும்பு கிடைப்பதில், கணக்குப் போடுவதில்.

வயது குறிப்பது. கீழ்த்தாடையை எடுங்கள். முன்னிருந்து மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். பால் பல்லாக இருந்தால் அதில் மூன்று மேடுகள் இருக்கும், நிலையான பல்லில் இரண்டுதான். வட அமெரிக்க வெள்ளைவால் மானில் இந்த மாற்றம் ஒன்றரை வயதை ஒட்டி நடக்கும், செம்மானில் இரண்டு வயதை ஒட்டி. கடைசிக் கடைவாய்ப் பல் முழுதாக எழும்பும்வரை, அதாவது செம்மானுக்கு இரண்டரை வயது வரை, முளைத்த வரிசையை வைத்து வயதை நம்பிச் சொல்லலாம். ஒரு இனத்துக்கான முளைப்பு அட்டவணையை இன்னொரு இனத்துக்குத் தூக்கிப் போடக் கூடாது. வெள்ளைவால் மானின் படத்தை வைத்துக்கொண்டு புள்ளிமானுக்கு மாதக் கணக்கு எழுதிய அறிக்கைகளைக் குப்பையில் போடலாம்.

அதன்பின் தேய்மானம். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் வெள்ளை எனாமல் வரப்பும், அவற்றுக்கு நடுவே பழுப்புப் பல்திசுவும் இருக்கும். இளமையில் வரப்பு கூர்மை, பழுப்பு மெல்லிய கோடு. தேயத் தேயப் பழுப்பு அகலமாகும், நடுக்குழி மறையும், கடைசியில் வழவழப்பான கிண்ணம் போல ஆகிவிடும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மணல் காட்டில் மேயும் மானுக்கு 6 வயதில் வரும் தேய்மானம், ஈரப் புல்வெளி மானுக்கு 9 வயதிலும் வராமல் இருக்கலாம். நடு வயதுக்கு மேல் ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் ஆவது சாதாரணம். இந்தப் பிழை எப்படி வேலை செய்கிறது என்றால், உண்மையான 11 வயது மான்கள் 8, 9 என்ற கட்டங்களில் போய் விழுகின்றன. வலப்பக்கச் சரிவு மழுங்கிப்போய், "இங்கே மூப்பினால் சாவே இல்லை" என்ற பொய்யான முடிவு வரும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் முதல் வெட்டுப் பல்லின் வேரை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பற்சிமென்ட் (பல் வேரை மூடியிருக்கும் படலம்) வளையங்களை எண்ண வேண்டும். மரத்தின் ஆண்டு வளையம் போலத்தான். குளிர்காலத்தில் ஒடுங்கிய கருங்கோடு விழும். பல்லைப் பிடுங்கும்போது வேர் நுனி உடையாமல் வர வேண்டும். சதை போகட்டும் என்று கொதிக்க விடுவதும் பிளீச்சில் ஊறப்போடுவதும் சிமென்ட் படலத்தைக் கெடுத்துவிடும். சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டு, உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடிக்கும். எண்ணி முடித்தபின் அந்தப் பல் முளைத்த வயதைக் கூட்ட மறக்க வேண்டாம். செம்மானில் நிலையான முதல் வெட்டுப் பல் ஒரு வயது கடந்துதான் வரும், அதனால் கோட்டு எண்ணிக்கை அப்படியே வயதாகாது. நம் பக்கத்துக் காடுகள் போலக் குளிர்காலம் கூர்மையாக இல்லாத இடங்களில் கோடுகள் மங்கலாகவும் இரட்டையாகவும் விழும். வயது தெரிந்த சில பற்களை வைத்துச் சரிபார்க்காமல் அந்த எண்ணை எழுதக் கூடாது.

எலும்பு கிடைப்பது. குட்டியின் தாடை மெல்லியது. வேட்டை விலங்கு மென்று விழுங்கிவிடும், மிச்சத்தைக் காட்டுப்பன்றியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். ஆக, உங்கள் குவியலில் குட்டித் தாடை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். அதை அப்படியே அட்டவணையில் போட்டால் முதலாண்டுச் சாவு அற்பமாகத் தெரியும். இதற்கு நேர்மையான வழி, தாடைகளை வைத்து ஒரு வயதுக்கு மேல் மட்டும் அட்டவணை போடுவது. முதலாண்டு எண்ணைக் காதில் அடையாளமிட்ட குட்டிகளிடமிருந்தோ, கழுத்து வளர வளர விரியும் ரேடியோ பட்டை கட்டிய குட்டிகளிடமிருந்தோ தனியே எடுக்க வேண்டும்.

கணக்கு. இறந்தவற்றின் வயதை எண்ணி நேரடியாக ஆயுள் அட்டவணை (எந்த வயதில் எத்தனை பிழைக்கிறது என்ற பட்டியல்) போடுபவர், கூட்டம் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று சொல்லாமலே சொல்கிறார். கூட்டம் ஆண்டுக்கு 5 சதவீதம் பெருகுகிறது என்று வையுங்கள். இன்று சாகும் 10 வயது மான்கள் பத்து ஆண்டுக்கு முன், கூட்டம் சிறிதாக இருந்தபோது பிறந்தவை, அதனால் எண்ணிக்கையில் குறைவாகவே தென்படும். 10 வயது எண்ணை 1.05இன் பத்தாம் அடுக்கால், அதாவது 1.63ஆல் பெருக்கித்தான் 0 வயதோடு ஒப்பிட வேண்டும். தேயும் கூட்டமென்றால் தலைகீழ். பெருக்க விகிதம் தெரியாதபோது தாடைக் குவியல் என்ன சொன்னாலும் அரைகுறைதான்.

ஒரு முக்கியமான விஷயம்: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் எலும்பையோ கொம்பையோ காட்டிலிருந்து எடுத்து வரக் கூடாது. தானாக உதிர்ந்த கொம்பும் அதில் சேர்த்தி.

கருவேலங்காடு:

இவ்வளவு சிக்கல் எதற்கு? கொம்பில் எத்தனை கிளை என்று பார்த்தால் வயது தெரிந்துவிடுமே. அதோடு புலி, சிறுத்தை எல்லாம் கிழட்டு மானையும் நோயாளி மானையும்தான் பிடிக்கும். இயற்கையே கழித்துக் கட்டிவிடுகிறது.

செந்நாய்வழி:

இரண்டும் தப்பு நண்பரே. பரவலாக நம்பப்படுவதால் விரிவாகவே சொல்கிறேன்.

கொம்பு: புள்ளிமானுக்கும் கடமானுக்கும் முழு வளர்ச்சியில் ஒரு பக்கத்துக்கு மூன்று கிளைதான். 4 வயதானாலும் 8 வயதானாலும் அதே மூன்று. முதல் கொம்பு மட்டும் கிளையில்லாத முளையாக இருக்கும், அதை வைத்து இளங்கலையைப் பிரிக்கலாம், அதற்கு மேல் கிளை உதவாது. கிளை கூடும் செம்மானிலும் உச்ச வயதைத் தாண்டினால் கொம்பு சிறுத்துவிடும். அப்போது கிழட்டுக் கலையும் இளங்கலையும் ஒரே கட்டத்தில் போய் விழும். தீவனம் நன்றாக இருந்த ஆண்டில் கொம்பு பெரிதாகும் என்பது வேறு.

வேட்டை விலங்கு: யார் வேட்டையாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஓநாய், செந்நாய் மாதிரி ஓடவிட்டுப் பிடிப்பவை ஓட்டத்திலேயே யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று சோதித்துவிடும். புலியும் சிறுத்தையும் பதுங்கிப் பாய்பவை. பத்து இருபது மீட்டருக்குள் வந்து தலை குனிந்து மேய்வது யாரோ, அது போகும். அங்கே உடல்நிலையைவிட இடமும் கவனமும்தான் பேசும்.

ஓடவிட்டுப் பிடிப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன். 1995, 1996 ஆண்டுகளில் 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வடக்கு எல்க் (செம்மானுக்கு நெருங்கிய பெரிய அமெரிக்க மான்) கூட்டத்தில் ஓநாய் கொன்ற வளர்ந்த பிணைகளின் சராசரி வயது ஏறத்தாழ 14. அதே கூட்டம் பூங்கா எல்லையைத் தாண்டி வெளியே வரும்போது துப்பாக்கிக்காரர்கள் சுட்டவற்றின் சராசரி வயது 6.5. இரண்டு பக்கமும் நூறு பிணை செத்தால் நூறுதான், ஆனால் விளைவு வேறு. 14 வயதுப் பிணை இனி அதிகம் போனால் ஒன்றிரண்டு குட்டி ஈனும். ஆறரை வயதுப் பிணைக்கு முன்னால் இன்னும் பல குட்டிகள் இருக்கின்றன. "இத்தனை மான் செத்தது" என்று மட்டும் எழுதி வயதை விட்டுவிடும் அறிக்கை பாதி அறிக்கைகூட இல்லை.

அதே இடத்தில் எல்க் குட்டிகளைப் பார்த்தால் படம் மாறிவிடும். பிறந்து முதல் சில வாரங்களில் அவற்றை அதிகம் கொல்பவை கரடிகள். ஓடத் தெரியாமல் புல்லில் பதுங்கிக் கிடக்கும் குட்டியை மோப்பமும் பொறுமையும் உள்ள எந்த விலங்கும் எடுத்துவிடும். வயது ஏற ஏறக் கொல்பவரும் மாறுகிறார்.

நம் பக்கம் வந்தால், கர்நாடகத்தின் பந்திப்பூரில் 1970களில் காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் செந்நாய்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வும், நாகரஹொளேயில் 1980களின் பின்பாதியில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றையும் சேர்த்துச் செய்த ஆய்வும் படிக்க வேண்டியவை. நாகரஹொளேயில் வளர்ந்த புள்ளிமான், கடமான் கலைகள் காட்டில் உள்ள பங்கைவிட அதிகமாக இரையாயின. கலை தனியே திரிகிறது, இணைதேடும் பருவத்தில் மேய்ச்சலை விட்டுவிட்டுச் சுற்றுகிறது, அடர்ந்த செடிகளுக்குள் நுழைகிறது, தலையில் கொம்புப் பாரம் வேறு. கிழடாக இருக்க வேண்டிய தேவையே இல்லை, நல்ல வயதிலேயே போகிறது. நம் காடுகளில் வளர்ந்த மான்களை எண்ணினால் பெண் அதிகமாகத் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

தின்ற இரையின் மிச்சத்தைப் பார்த்து வயது எழுதுவோருக்கு ஒன்று. செந்நாய்க் கூட்டம் ஒரு குட்டியைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். சடலம் தேடிப் போனால் குட்டிச் சாவு ஒன்றும் கண்ணில் படாது. செந்நாயின் எச்சத்தில், அதாவது கழிவில், கிடக்கும் பிஞ்சுக் குளம்பும் குட்டி மயிரும்தான் சாட்சி. சடலக் கணக்கையும் எச்சக் கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

வாகைநிழல்:

அருமையான விளக்கங்கள், எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயம் இன்னும் தெளிவாகவில்லை. வேட்டை விலங்கே இல்லாத ரம் தீவில் கிழட்டு மான் கடைசியில் எதனால் சாகிறது? பட்டினியா, நோயா? "வளர்ந்தது" என்ற ஒரே வகை போதுமா என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

மிளாத்தடம்:

முதலில் சாவு. பெரும்பாலும் பல்லில் தொடங்கிப் பட்டினியில் முடிகிறது.

மானுக்குக் கடைவாய்ப் பல் ஒரு செட்தான், முயல் பல் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்காது. புல்லில் உள்ள சிலிக்காவும் ஒட்டியிருக்கும் மண்ணும் ஆண்டுக்கு இவ்வளவு என்று அரைத்துக்கொண்டே போகின்றன. எனாமல் வரப்பு போய்விட்டால் புல் நறுங்காமல் நீளமாகவே இரைப்பைக்குப் போகும். நீளமான துணுக்கு இரைப்பையை விட்டு நகர நேரமாகும். வயிறு நிறைந்தே இருக்கும், சத்து இறங்காது. அசைபோடும் நேரம் கூடும், மேயும் நேரம் குறையும். இலையுதிர் காலம் முடியும்போது முதுகில் சேர்ந்திருக்க வேண்டிய கொழுப்பு சேர்ந்திருக்காது. மார்ச், ஏப்ரலில் புதுப் புல் தலைகாட்டும் நேரத்தில் விழுந்துவிடும்.

செத்த மானில் இதைச் சோதிக்கலாம். உடல் கொழுப்பைக் கரைப்பது ஒரு வரிசையில்: முதுகுத் தோலடிக் கொழுப்பு, அடுத்து சிறுநீரகத்தைச் சுற்றியது, கடைசியாக எலும்பு மஜ்ஜை. தொடை எலும்பை உடைத்துப் பாருங்கள். மஜ்ஜை வெள்ளையாக மெழுகு போல உறைந்து கெட்டியாக இருந்தால் பட்டினிச் சாவு இல்லை. சிவந்து, கூழ் மாதிரி ஈரமாக, விரலில் வழுக்கினால் உடல் கடைசிச் சேமிப்பையும் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். இரண்டு எச்சரிக்கை: குட்டியின் மஜ்ஜை இயல்பிலேயே சிவப்பு, அதை வைத்துப் பட்டினி என்று எழுதக் கூடாது. நாள்பட்ட எலும்பில் ஈரம் உலர்ந்து போயிருக்கும், அங்கே நிறமும் பதமும் எதையும் காட்டாது.

கலைகளுக்கு இது சீக்கிரமே வருகிறது. ரம்மில் 20 வயதைத் தொட்ட பிணைகள் உண்டு, 15ஐத் தாண்டும் கலை அரிது. இணைதேடும் பருவத்தில் பெரிய கலை வாரக்கணக்கில் சரியாக மேயாமல், கத்திக்கொண்டும் மோதிக்கொண்டும் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். உடனே குளிர்காலம். ஸ்பெயின் செம்மான்களில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: கலையின் உடல் பிணையைவிட மிகப் பெரிது, கடைவாய்ப் பல் அந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. சிறிய அம்மியில் பெரிய வீட்டுக்கு அரைக்கிற மாதிரி, அது சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.

பிணைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அந்த ஆண்டு குட்டிக்குப் பால் கொடுத்த பிணை மெலிந்து குளிர்காலத்துக்குள் நுழைகிறது, குட்டியில்லாத பிணை கொழுத்து நுழைகிறது. ரம் பதிவுகளின்படி, இளமையில் அடிக்கடி குட்டி ஈன்றவையும், நெருக்கடியான ஆண்டுகளில் பிறந்து வளர்ந்தவையும் பின்னால் விரைவாகத் தளர்கின்றன. ஆக 10 வயது என்றால் எல்லா 10 வயதும் ஒன்றில்லை.

இனி இரண்டாவது கேள்வி. "வளர்ந்தது" என்ற ஒரே வகை எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். 100 பிணை. 80 நடு வயது, ஆண்டுக்கு 95 சதவீதம் பிழைக்கும். 20 முதியவை, 75 சதவீதம் பிழைக்கும். மொத்தம் 76ம் 15ம் சேர்த்து 91. சில ஆண்டு கழித்து அதே காடு, அதே புல், அதே வீதங்கள், ஆனால் கூட்டம் மூத்துவிட்டது: 55 நடு வயது, 45 முதியவை. இப்போது 52ம் 34ம், மொத்தம் 86. வயதைப் பிரிக்காதவர் "கூட்டம் பெருத்துவிட்டது, தீவனம் பற்றவில்லை, அதனால் பிழைப்பு 91லிருந்து 86க்கு விழுந்தது" என்று எழுதுவார். உண்மையில் எந்த வயதுக்கும் எதுவும் மாறவில்லை. வேட்டை நிறுத்தப்பட்டுப் பெருகி வரும் கூட்டங்களில் இந்த மாயம் அடிக்கடி நடக்கும்.

குறைந்தது நான்கு கட்டம் வையுங்கள்: 0–1, 1–2, நடு வயது, முதுமை. நடு வயதின் மேல் எல்லை இனத்துக்கு இனம் மாறும். ரோ மானுக்கு 7, செம்மான் பிணைக்கு 9 ஒட்டி.

பற்குறி:

ஒரு சேர்க்கை. உயிருள்ள மான்களை அடையாளமிட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கும் முறையில், காணாமல் போன மான் எல்லாம் செத்த மான் இல்லை. 1 முதல் 2 வயதுக் கலைகள் பிறந்த இடத்தை விட்டு வெளியேறும். அதைச் சாவாக எழுதினால் இளங்கலை இறப்பு வீதம் பூதாகாரமாகத் தெரியும். பார்க்கும் வாய்ப்பையும் பிழைக்கும் வாய்ப்பையும் தனித்தனியே மதிப்பிடும் கணக்கு முறையே வேண்டும், வெளியேற்றத்துக்கு ரேடியோ பட்டை இருந்தால் நல்லது.

மாதிரியின் அளவையும் மறக்க வேண்டாம். முதிய மான் 10 இருந்து 3 செத்தால் 30 சதவீதம் என்று எழுதுவீர்கள். அதன் 95 சதவீத நம்பிக்கை எல்லை, அதாவது உண்மையான வீதம் இருக்கக்கூடிய இடைவெளி, ஏறக்குறைய 7லிருந்து 65 சதவீதம் வரை. முதுமைக் கட்டத்தில் எப்போதும் தலைகள் குறைவு என்பதால் பல ஆண்டுத் தரவைச் சேர்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

செந்நாய்வழி:

கூட்டம் சரியப்போவதற்கு வயது விகிதம் முன்கூட்டியே குறி காட்டும் என்பதற்கு அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவு ரெயின்டீர் (வடதுருவப் பகுதி மான்) கதையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1944இல் 29 விலங்குகளைக் கொண்டுபோய் விட்டார்கள். வேட்டை விலங்கு இல்லை. 1957இல் சுமார் 1,350, 1963 கோடையில் சுமார் 6,000. அடுத்த குளிர்காலத்தில் கூட்டமே அழிந்தது, 1966இல் எண்ணியபோது 42தான். அதில் ஒன்றே ஒன்றுதான் கலை, குட்டி ஒன்றுகூட இல்லை.

1957இல் 100 வளர்ந்த பிணைக்கு 75 குட்டி, 45 ஓராண்டு மான். 1963இல் 60 குட்டி, 26 ஓராண்டு மான். தலை எண்ணிக்கை நாலு மடங்குக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இந்த இரண்டாவது எண் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. குட்டி பிறக்கிறது, முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வளர்ந்த பிணைகளின் எடையும் 38 சதவீதம் குறைந்திருந்தது. மொத்தத் தலையை மட்டும் எண்ணியிருந்தால் 1963 கோடை வரை எல்லாம் அமோகம் என்றுதான் தோன்றியிருக்கும்.

வாகைநிழல்:

100 பிணைக்கு எத்தனை ஓராண்டு மான் என்ற எண்ணை நம் ஊர்ப் புள்ளிமானுக்கும் போடலாமா?

செந்நாய்வழி:

போடலாம், ஆனால் ஜாக்கிரதை. ரெயின்டீரும் செம்மானும் குறுகிய சில வாரங்களில் குட்டி போடுவதால் "ஓராண்டு" என்பது தெளிவான கட்டம். புள்ளிமான் உச்ச காலம் ஒன்று இருந்தாலும் ஆண்டு முழுக்கக் குட்டி போடும். ஒரே நாளில் பார்த்தால் 2 மாதக் குட்டியும் 11 மாதக் குட்டியும் கலந்து நிற்கும். தாயின் தோளோடு ஒப்பிட்டு உயரத்தால் கட்டம் பிரித்து, ஒரே மாதத்தில் எடுத்த கணக்கை ஆண்டுதோறும் அதே மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். முதல் சில வாரம் குட்டி ஒளிந்தே கிடப்பதால் அந்த எண் எப்போதும் குறைவாக வரும்.

ஒரு காட்டின் எண்ணை இன்னொன்றுக்குக் கடன் வாங்கவும் வேண்டாம். சென்னையின் நடுவில் உள்ள கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கி.மீ. அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. நாகரஹொளேயின் கலை இறப்பு வீதத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் வரும் விடைக்கும் பூங்காவுக்கும் சம்பந்தமே இருக்காது.